விளக்கொளியில் நீர்க்கீரை வளர்த்தலும் தாதுச் சத்து ஊட்டுதலும்

கீரை உடலுக்கு வேண்டிய தாதுச் சத்துக்களை அளிப்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அச்சத்து, பயிர் வேரூன்றிய நிலத்தைப் பொறுத்ததாகும். துத்தநாகம் குறைந்த நிலத்துக் கீரையில் அச்சத்தும் குறைந்தே காணப்படும். மண்ணை நீக்கி, உப்புக்கள் கரைந்த நீரில் பயிரிடுவோர் இக்குறையைத் தாமே நிவர்த்திக்கலாம். இம்முறையில் சாகுபடி செய்யக் கூடுமென்பதைக் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1929 முதல் எடுத்துக் காட்டினார். அங்கேயே ஹோக்லண்டு, ஆர்னன் என்போர் 1938-ல் வெளியிட்ட கரைசல் விவரம் இன்றும் கையாளப்படுகிறது.

வெளிச்சம்: சூரிய ஒளி புகாத அறையில் சிவப்பும் நீலமும் கலந்த எல்.இ.டி. விளக்குகளை நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் எரியவிடுவது வழக்கம். வெளிச்சம் குன்றினால் இலையில் நைட்ரேட் தேங்கிவிடும். ஆகையால் அறுவடைக்கு முந்திய சில நாட்களில் ஒளியைக் குறைத்தல் கூடாது.

இரும்பும் துத்தநாகமும்: வெறும் இரும்பு ஸல்பேட் கரைசலில் துருவாகி அடியில் படிந்துவிடும்; வேருக்கு எட்டாது. கீலேட் வடிவிலான இரும்பே ஏற்றது. கரைசலின் பி.எச். அளவு 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருத்தல் அவசியம். ஹோக்லண்டு கரைசலில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் துத்தநாகமே உண்டு. அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம் முன்னர், முதலில் ஒரு தொட்டியில் மட்டும் இதனை 1 மில்லிகிராமாக உயர்த்திப் பார்க்கலாம். 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 4.5 கிராம் துத்தநாக ஸல்பேட் போதும். அளவு மிஞ்சினால் துத்தநாகம் இரும்பைத் தடுக்கும், இளந்தளிர் வெளுக்கும். அக்குறி தோன்றியவுடன் கரைசலை மாற்றுதல் வேண்டும்.

செலீனியம்: இது விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மனிதருக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 55 மைக்ரோகிராம். அதற்குச் சில மடங்கு கூடினாலே தொடர்ந்து உண்பவருக்குத் தீங்காகும். பயிரோ வாட்டம் காட்டாமலே அதனை மிகுதியாக ஏற்கக்கூடும். எனவே கண்ணால் கண்டு நிதானிக்க இயலாது. பின்லாந்து தேசத்தார் 1984-ல் உரத்தில் செலீனியம் சேர்க்கத் தீர்மானித்தபோது, உணவிலும் மண்ணிலும் அதன் அளவை இடைவிடாது பரிசோதித்து வந்தனர். 1990-ல் தானியப் பயிருக்கான உரத்தில் அளவைக் குறைக்கவும் செய்தனர். இத்தகைய பரிசோதனைக்கு வசதியில்லாத இடத்தில் தனி விவசாயி செலீனியத்தைக் கையாளாதிருப்பதே நலம்.

செலவு: வெயில் இனாமாகக் கிடைக்க, விளக்கொளியோ முழுவதும் விலைக்கு வாங்கப்படுவது. நகரத்தில் உயர்ந்த விலைக்குக் கீரை விற்க வழியுள்ளோருக்கே இம்முறை கட்டுப்படியாகும். ஏனையோர் கூரையின்கீழ் விளக்கேற்றுவதைவிடத் திறந்த வெளியில் தொட்டி அமைப்பதோ, மண்ணைப் பரிசோதித்துக் குறைந்த சத்தை நிலத்திலேயே இடுவதோ மேலாகும்.

கீரையில் சத்து ஏறியிருப்பதைச் சோதனைச்சாலையில் இலையைச் சோதித்தே அறியலாகும். அதிலும் பசலை போன்ற கீரைகளிலுள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. எலுமிச்சைச் சாறு சேர்த்து உண்டால் சற்று அதிகமாகச் சேரும். ஆகவே “சத்தூட்டிய கீரை” என்று விற்போரிடம் சோதனைச் சீட்டைக் கேட்டறியும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் ஜனங்களுக்கு எடுத்துரைப்பது நன்மை பயக்கும்.