மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

எழுத்தால் எழுந்தவர்கள் – 9

கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல்கள் அடித்துக் கொன்றதைப் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்திய ஐடா பி. வெல்ஸைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் கையில் பேனா இருந்தது. தம் பெயரைக்கூட எழுத விடாமல் வைக்கப்பட்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கதைக்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

சார்ல்ஸ்டன் நகரை ஒட்டி ஜான்ஸ் தீவு என்று ஓர் ஊர். தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்ந்தார்கள். ஆங்கிலமும் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த ‘குல்லா’ அவர்கள் பேச்சு. அந்த வட்டாரத்தில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் 1739இல் அடிமைகள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். அதை நசுக்கிய மறு ஆண்டே காலனி அரசு ஒரு சட்டம் போட்டது: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம். அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1895இல், அதே மண்ணில் இன்னொரு ஏற்பாடு வந்தது. வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டி, எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். முதலில் எழுத்தைப் பறித்தார்கள். பிறகு எழுத்து தெரியவில்லை என்று சொல்லி ஓட்டைப் பறித்தார்கள். இவ்வளவு கணக்குப் போட்டுச் செய்த அநீதியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செப்டிமா கிளார்க் அந்தத் தீவுக்கு ஆசிரியையாகப் போனது 1916இல். வயது 18. அப்பா அடிமையாகப் பிறந்தவர், அம்மா துணி வெளுத்துக் கொடுத்தவர். சார்ல்ஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை வேலைக்கு வைப்பதில்லை என்பதால்தான் தீவுக்குப் போனார். இரண்டே ஆசிரியைகள், 132 பிள்ளைகள். அங்கிருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகள். அந்த ஆசிரியைக்குச் சம்பளமோ இவர்களைவிடப் பல மடங்கு. பாடப் புத்தகம் போதவில்லை. சலவைக் கடைக் காகிதப் பைகளை வாங்கி, தீவின் மரங்களையும் பிள்ளைகளே சொன்ன கதைகளையும் அதில் எழுதி வாசிக்க வைத்தார் கிளார்க். தங்கள் சங்கக் கூட்டங்களிலும் தேவாலயத்திலும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பெரியவர்களும் அவரிடம் படிக்க வந்தார்கள். வயதானவருக்கு என்ன வேண்டுமோ அங்கிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்பது அங்கே அவர் கண்டுகொண்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து ஓர் இயக்கத்துக்கே அது அடித்தளமாகப் போகிறது.

இடைப்பட்ட காலத்தில் நகரப் பள்ளிகளைக் கறுப்பின ஆசிரியர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். 1920இல் அது நடந்தது. சமச் சம்பளத்துக்கான வழக்கிலும் உழைத்தார். 1956இல் தென் கரோலினா அரசு, என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தில் அரசு ஊழியர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றது. கிளார்க் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்தார். வேலையும் போனது, ஓய்வூதியமும் போனது. டென்னசி மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளி அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் சாப்பிட்ட இடம் அது. பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ், அதற்குச் சில மாதங்களுக்கு முன் கிளார்க்கின் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தான்.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்றொருவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் அவருடைய பயணிகள். அதில் ஆலிஸ் வைன் என்ற பெண் ஒருநாள் அவரிடம், படிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஓட்டுப் போடுவேன் என்றார். ஜென்கின்ஸ் போகிற வழியிலேயே அரசியல் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை, முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்துப் பதிவுபெற்றார். ஆனாலும் நிஜமாகவே படிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்குத் தீரவில்லை. ஹைலாண்டருக்குக் கிளார்க் அழைத்துப் போனபோது ஜென்கின்ஸ் இதைத்தான் சொன்னார்: பெரியவர்களுக்கு ஒரு பள்ளி வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. தேவாலயத்தில் கேட்டார்கள், அங்கும் பயம். ஹைலாண்டர் கொடுத்த கடனில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. வெளியிலிருந்து பார்க்கும் வெள்ளைக்காரருக்கு அது வெறும் கடை.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே? கிளார்க் தம் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனைப் பிடித்தார். அவர் சிகை அலங்காரம் செய்பவர், தையலும் தெரியும். எனக்கு என்ன தெரியும், நான் எப்படி ஆசிரியை ஆவேன் என்று அவர் மறுத்திருக்கிறார். விடவில்லை கிளார்க். தேர்வு அபாரமான தேர்வு. ராபின்சனின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையை விட்டுத் தூக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. ஊரார் மனம்விட்டுப் பேசும் ஆளும் அவர்தான். பயிற்சி பெற்ற ஆசிரியராக இருந்தால் கிராமத்துப் பெரியவர்களை அதட்டுவார் என்ற கவலையும் கிளார்க்குக்கு இருந்தது.

1957 ஜனவரி 7. வயலில் வேலை ஓய்ந்திருக்கும் பனிக்காலம். 14 பெரியவர்கள் வந்தார்கள். தொடக்கப் பள்ளிப் பாடங்களைக் கொண்டுபோயிருந்த ராபின்சன், அவை இவர்களுக்குச் சரிப்படாது என்று உடனே புரிந்துகொண்டார். நான் ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும். வெளியூரிலிருக்கும் மகன் போடும் கடிதத்தை அடுத்தவரிடம் கொடுக்காமல் படிக்க வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம். செய்தித்தாளில் வந்த மளிகை விளம்பரங்களை வைத்துக் கணக்கு நடந்தது. சுவரில் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் எல்லாரும் இதை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று குறி வைத்தார்.

பெயர் எழுதும் பயிற்சி இப்படி நடந்தது: ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுப்பார்கள். அதன்மேலேயே பென்சிலை ஓட்டி ஓட்டி, அந்த வளைவுகள் கைக்குப் பழக வேண்டும். ஏரும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்த கைகள். அழுத்திய அழுத்தில் பென்சில் ஒடிந்துபோகும். யாரும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பென்சிலைக் கொடுப்பார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, கரும்பலகையில் இருந்த பல பெயர்களுக்கு நடுவே தன் பெயரை அடையாளம் கண்டு எழுந்துபோய்த் தொட்டுக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த தனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று ராபின்சன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த வகுப்பிலிருந்து வாக்காளர்கள் புறப்பட்டதும், வாட்மலா, எடிஸ்டோ என்று பக்கத்துத் தீவுகளும் எங்களுக்கும் வேண்டும் என்றன. ‘குடியுரிமைப் பள்ளி’ என்று அதற்குப் பெயர் நிலைத்தது. ஹைலாண்டரை மூட டென்னசி அரசு முனைந்தபோது, மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு 1961இல் திட்டத்தை எடுத்துக்கொண்டது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் கிளார்க்கும் டாரத்தி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். வந்தவர்கள் சமையல்காரர்கள், பங்கு விவசாயிகள், முடிதிருத்துபவர்கள். ஊருக்குத் திரும்பி, அடுக்களையிலும் மரத்தடியிலும் வகுப்பு எடுத்தார்கள். எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்த 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின்னால் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள். கிங்கின் அமைப்பிலேயே இந்தப் பெண்ணுக்கு நிர்வாகக் குழுவில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. தம் நினைவுக் குறிப்புகளில் கிளார்க் அதை ஒளிக்காமல் பதிந்திருக்கிறார். மேடைப் பேச்சுகளை நினைவில் வைத்திருக்கும் நாம், மேடையின்கீழ் கூட்டத்தைச் சேர்த்த பெண்களைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது. கிளார்க்குக்கு ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது 1976இல்.

1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் நடந்த குடியுரிமைப் பயிற்சி ஒன்று முடிந்து, மிசிசிப்பிக்காரர்கள் சிலர் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். வினோனா என்ற சிற்றூரில் பேருந்து நின்றபோது காவலர்கள் அவர்களைக் கைது செய்து, சிறையில் வைத்து அடித்தார்கள். அவர்களில் ஒருவர் பருத்திக்காட்டில் வேலை செய்த ஃபேனி லூ ஹேமர். அடுத்த ஆண்டு தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த அடியை நாட்டுக்கே எடுத்துச் சொல்லப்போகிறவர் அவர்.

(தொடரும்)