ஓட விட்டு இறங்குகிறவர்கள்

சேறும் சக்கரமும் – 9

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 126 என்றொரு பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் வண்டி நின்றால், லைசென்ஸ் உள்ள ஆள் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இறங்குவதென்றால் எஞ்சினை நிறுத்திப் பிரேக் போட்டோ வேறு வகையிலோ, ஆளில்லாத நேரத்தில் வண்டி கிளம்பிவிடாதபடி செய்துவிட்டு இறங்க வேண்டும். சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறுகிற நெடுஞ்சாலையில் ஒரு காலைப்பொழுது போய்வந்தால், இந்தப் பிரிவை யாரும் படித்ததில்லை என்று தெரிந்துவிடும். டீக்கடை வாசலில் டிராக்டர் நிற்கும். இருக்கை காலியாக இருக்கும். சைலன்சர் மேலிருக்கும் தகர மூடி மட்டும் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருக்கும். டிரைவர் உள்ளே வடையைப் பிட்டுக்கொண்டிருப்பார்.

வாய்க்கால் கரையைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய்விட்டால் இந்தச் சட்டமும் பேசாது. அது பொது இடத்துக்கான சட்டம். டிராக்டரோ தன் காலத்தில் பெரும்பகுதியைப் பொது இடமல்லாத இடத்தில்தான் கழிக்கிறது.

டிரைவர்கள் மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. ‘ஏண்ணே, நிப்பாட்டிட்டு வரக்கூடாதா?’ என்று கேட்டால் வருகிற பதில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒன்றுதான்: ‘நிப்பாட்டினா மறுபடி எடுக்காது தம்பி.’ பேட்டரி செத்துக் கிடக்கும். புது பேட்டரி வாங்குகிற காசுக்கு இன்னும் ஒரு போகம் போகட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டிருப்பார். ஜூன் தொடக்கத்தில் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தால், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தொழி உழவுக்கு நிற்கும். அந்த நாட்களில் வண்டி ஒரு வயலில் எடுக்காமல் நின்றுவிட்டால் அடுத்த வயல்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். ஓடுகிறதை ஓட விடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சும்மா ஓடுகிற டிராக்டர் மணிக்கு ஒரு லிட்டரைச் சுற்றி டீசலைக் குடிக்கும். தினமும் மூன்று நான்கு முறை கால் மணி நேரம் ஓட விட்டால், ஒரு பருவத்துக்குள் பேட்டரிக்கான காசில் பாதி புகையாகப் போயிருக்கும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினுக்குள் சூடு போதாது. டீசல் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். டர்போ வைத்த எஞ்சினை அணைக்கும் முன் ஓரிரண்டு நிமிடம் மெதுவாக ஓட விட வேண்டும் என்பது உண்மைதான். நம் ஊரில் ஓடுகிற முப்பத்தைந்து, நாற்பது குதிரைத்திறன் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டர்போவே கிடையாது.

இனி வண்டிக்கு அடியில் நடப்பதைப் பார்ப்போம். டிரைவர்களே அதிகம் பேசாத சங்கதி இது.

எஞ்சினை அணைத்துவிட்டு, லோ கியரில் போட்டு நிறுத்திய டிராக்டரை இரண்டு காவல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்று பிரேக். இன்னொன்று எஞ்சினே. பின் சக்கரம் உருள வேண்டுமென்றால் கியர்ப்பெட்டி வழியாக எஞ்சினைச் சுற்றியாக வேண்டும். லோ கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் நூறு சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டியிருக்கும். உள்ளே காற்றை அழுத்தி நிற்கிற பிஸ்டன்கள் அதற்கு இடம் கொடுக்காது. சரிவில் பிரேக் கொஞ்சம் நழுவினாலும் இந்த இரண்டாவது காவல் தாங்கும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியைக் கியரில் விட முடியாது. நியூட்ரலில்தான் விட்டாக வேண்டும். நியூட்ரலில் போட்ட நொடியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வண்டியை இப்போது பிடித்திருப்பது பிரேக் ஒன்றே. அணைத்த வண்டிக்கு அரைகுறை பிரேக் போதும். ஓடுகிற வண்டிக்குப் போதாது. நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது: ராத்திரி கொட்டகையில் அணைத்து நிறுத்தும்போது பிரேக்கைப் பார்த்துப் போடுகிற ஆள், டீ குடிக்க இறங்கும்போது ‘இந்தா வந்துர்றேன்’ என்று அப்படியே விட்டுவிட்டு இறங்குகிறார்.

அந்தப் பிரேக்கின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். நம் டிராக்டர்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் என்று தனியாக எதுவும் இல்லை. கால் பெடலை மிதித்து, ஒரு கொக்கியைத் தூக்கி மாட்டினால் பெடல் அப்படியே நிற்கும். அதுதான் பார்க்கிங் பிரேக். பெடலோ இரண்டு: இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயல் முக்கில் வண்டியை ஒடித்துத் திருப்ப ஒற்றைப் பெடல் தேவைப்படும் என்பதால் உழவின்போது இரண்டையும் சேர்க்கிற தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருப்பார்கள். ரோட்டுக்கு ஏறும்போது அதை மாட்ட மறந்துவிடுவதும் வழக்கம். அப்போது கொக்கி ஒரு பெடலை மட்டும் பிடித்தால், ஒரு சக்கரம் நிற்கும், மற்றது உருளும். வண்டி நின்ற சக்கரத்தைச் சுற்றி வளைந்துகொண்டு போகும். தொழி உழவு முடித்து வந்த பழைய வண்டி, அதிலும் எண்ணெயில் மூழ்காத காய்ந்த தட்டு வகைப் பிரேக் என்றால், சேறும் தண்ணீரும் உள்ளே போய்ப் பிடிமானமே பாதியாகியிருக்கும்.

புது டிராக்டர்களின் பிரேக்கை மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தில் சோதித்துப் பார்த்துத்தான் அறிக்கை கொடுக்கிறார்கள். பத்து வருஷம் சேற்றில் உழைத்த வண்டியைச் சோதிக்க எந்த நிறுவனமும் கம்பத்துக்கு வரப்போவதில்லை.

இன்னொரு ஆபத்து கவர்னர். மோட்டார் பைக் கியரில் தானாக நகர்ந்து ஒரு கல்லில் முட்டினால் பெரும்பாலும் திக்கி அணைந்துவிடும். டிராக்டர் அணையாது. சுமை ஏறியதும் கவர்னர் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். லோ கியரில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில், நடக்கிற ஆளைவிட மெதுவாக, வரப்பை ஏறி, கல்லை ஏறி, அடுத்த வயலுக்கும் போகும். இந்தக் குணத்தை நம்பித்தான் சில தோட்டங்களில் எரு இறைக்கும்போதும் கல் பொறுக்கும்போதும் வண்டியை லோ கியரில் தானாக நகர விட்டுவிட்டு டிரைவரும் கூட நடக்கிறார். ‘அதுபாட்டுக்குப் போகும்’ என்பார்கள். அதுபாட்டுக்குப் போகும்தான், நிற்கத்தான் தெரியாது. அப்படிப் போகும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர் காலை வைக்கிற படி, முன் சக்கரத்துக்கும் இடுப்புக்கு மேல் உயரமான பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிறது. வழுக்கினால் விழும் இடம் பின் சக்கரத்தின் முன்னால். வாய்க்காலில் இறங்கினால் இறங்கட்டும் என்று விடுவது கஷ்டம், அதுவும் தவணை பாக்கியிருக்கிற வண்டியை. ஆனாலும் விட வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர் விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். செல்ஃப் எடுக்காத வண்டியில் தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை இரும்பால் தொட்டு எஞ்சினை எழுப்புவது இங்கே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று கம்பெனிக்காரர்கள் வைத்த ஏற்பாட்டை அது தாண்டிவிடுகிறது. அணைத்து, கியரில் போட்டு நிறுத்துவது நல்ல பழக்கம் என்று மேலே சொன்னேன். அந்த நல்ல பழக்கத்தோடு இந்த வித்தை சேர்ந்தால், எஞ்சின் எழும்பிய கணமே வண்டி, சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நிற்கிற ஆள் மீது நகரும். வெளிநாட்டுப் பாதுகாப்புக் கையேடுகளும் பத்திப் பத்தியாக எச்சரிப்பது இதைத்தான்.

சரி, ஓட விட்டுத்தான் இறங்க வேண்டும் என்கிற வேலைகள் இல்லையா? இருக்கின்றன. திராட்சைத் தோட்டத்துக்கு வாருங்கள்.

சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். அதனால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்தும் நடக்கும். கவாத்து முடிந்து தளிர் வந்தால் அடிச்சாம்பல், சாம்பல் என்று நோய்கள் வரிசை கட்டும். மருந்தடிக்காமல் முடியாது. டிராக்டரைத் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தி, பின்னால் பம்பை மாட்டி, பக்கத்தில் டிரம்மில் மருந்தைக் கலக்கி, நீள ஹோஸைப் பந்தலுக்குள் இழுத்துப்போய் அடிப்பார்கள். பம்பைச் சுற்றுவது டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு. எஞ்சின் ஓடினால்தான் பம்பு ஓடும். டிரைவரோ ஹோஸை இழுத்துவிடப் போயிருப்பார். இருக்கை காலி, எஞ்சின் ஓட்டம், பின்னால் தண்டு சுழற்சி. மூன்றும் சேர்ந்துதான் வேலையே.

பி.டி.ஓ.வின் முறையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு 9. மூன்று அங்குலத் தண்டு என்றால் அதில் சிக்கிய துணியை நொடிக்கு இரண்டு மீட்டர் சுருட்டும். ‘ஸ்லோவுலதானே ஓடுது’ என்று எஞ்சினைக் குறைத்து வைத்தாலும் தண்டு நொடிக்கு நாலு சுற்றுப் போடும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் துணி. மருந்தடிக்கிறவர்கள் மூக்கையும் தலையையும் சுற்றித் துண்டு கட்டியிருப்பார்கள். அந்தத் துண்டு இரண்டு நொடிக்குக் காணாது. டிரம்மில் மருந்து கலக்குகிற பெண்ணின் சேலைத் தலைப்பும் அதே தூரத்தில்தான் தொங்குகிறது. தண்டைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் உறை, கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று முதல் வருஷத்திலேயே கழற்றப்பட்டுக் கொட்டகை மூலைக்குப் போயிருக்கும்.

இந்த வேலையில் ‘எஞ்சினை அணை’ என்று சொல்வது அறிவுரை அல்ல, கிண்டல். இங்கே செய்ய வேண்டியது வேறு. வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே, மட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். மலையடிவாரத்தை நோக்கி நிலம் ஏறிக்கொண்டே போவதால், கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் மட்டமாக இருப்பதில்லை. ஹை-லோ லீவர், மெயின் கியர் லீவர் இரண்டும் நியூட்ரலுக்கு வர வேண்டும். ஒன்று போதும் என்று நினைத்தால், இறங்கும்போது லுங்கி மாட்டி அந்த ஒன்றும் கியருக்கு நகர இடமிருக்கிறது. பழைய வண்டிகளில் லீவர்கள் இரண்டு காலுக்கும் நடுவில் இருப்பதால் இது வெறும் பயமில்லை. இரண்டு பெடலையும் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்டு, கொக்கியை மாட்டி, கிளச்சிலிருந்து காலை மெதுவாக முழுதாக எடுத்து, வண்டி அசைகிறதா என்று ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்தே பார்க்க வேண்டும். கிளச்சை மிதித்தபடியே பாதி உடம்பை வெளியே சாய்த்துப் பேசுகிற பழக்கத்துக்கு இதுதான் மருந்து. பிறகு வண்டியைப் பார்த்தபடி இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை. குமுளி மலை ஏறுகிற லாரிகளில் கிளீனர் கையோடு வைத்திருப்பாரே, அதே கட்டை. பெரும்பாலான டிராக்டர்களில் கலப்பைக்கு மாற்று போல்ட் இருக்கும், கட்டை இருக்காது. தண்டுக்கு உறை திரும்ப வர வேண்டும். பம்பில் அடைப்பு என்றால், பெல்ட் கழன்றது என்றால், அந்த நேரத்துக்கு மட்டும் எஞ்சின் அணைந்தே ஆக வேண்டும், பி.டி.ஓ. லீவரை எடுத்துவிட்டோமே என்பது போதாது.

அணைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய டிராக்டர்களில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. டீசலை நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். பந்தலுக்குள்ளிருந்து ‘நிறுத்து, நிறுத்து’ என்று கத்தினால் ஓடிவருகிற பத்தாம் வகுப்புப் பையன் சாவியைத் திருகிக்கொண்டு நிற்பான். தோட்டத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தக் குமிழைத் தொட்டுக் காட்டி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தவிர. ஓடுகிற வண்டியின் காலி இருக்கை அவர்களுக்குத் திருவிழா ராட்டினம்.

இங்கிலாந்தின் பணிப் பாதுகாப்புத் துறை இதை நாலே காரியமாகச் சொல்கிறது: பிரேக் போடு, எல்லா லீவரையும் நியூட்ரலுக்குக் கொண்டுவா, எஞ்சினை அணை, சாவியை எடு. இருக்கையை விட்டு எழுந்தால் கூச்சல் போடுகிற வண்டிகளும் வெளிநாடுகளில் உண்டு. இங்கே அப்படி ஒன்று வந்தால் ஒரு வாரத்துக்குள் அதன் ஒயரை வெட்டிச் சுற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நம் நாடாளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போனவர்கள் பெருகியதால் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கதிரடிக்கும் இயந்திரத்துக்குச் சட்டம் வந்தது. அதைப் பின்னாலிருந்து சுற்றிவிட்டு ஆளில்லாமல் நிற்கிற டிராக்டரைப் பற்றி அதற்குப் பெரிய கவலையில்லை.

முதல் போகம் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாய்க்கால் கரைக்கு ஏறுகிற சரிவில், சுற்றி ஆளில்லாத நேரத்தில், எஞ்சின் ஓட, நியூட்ரலில், இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கியை மட்டும் மாட்டி, காலை எடுத்துவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். வண்டி இம்மி நகர்ந்தாலும் பெடல் ஆட்டத்தைக் குறைத்து முறுக்க வேண்டும். வளைந்து நகர்ந்தால் ஒரு பக்கத்துத் தட்டு தேய்ந்திருக்கலாம். கம்பத்து ஒர்க் ஷாப்புகளுக்கு இது தெரியாத வேலையில்லை. உழவு நெருக்கடி தொடங்கிவிட்டால் அவர்களுக்குத்தான் நேரம் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் டிராக்டர் தனியாக நிற்கும் கதை. பின்னால் டிரெய்லர் இருந்தால் கணக்கு மாறும். அதை அடுத்த வாரம் பார்ப்போம். நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது.

(தொடரும்)