எண்களே இசை, எண்களே படம்

“கணிப்பொறி பாடுகிறது, படம் காட்டுகிறது” என்கிறோம். உண்மையில் அதற்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. அது அறிந்தவை சுழியும் ஒன்றும் ஆகிய இரண்டே. அப்படியானால் பாட்டு எவ்வாறு உள்ளே போகிறது? படம் எவ்வாறு வெளியே வருகிறது? எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் பழைய கணிப்பொறி ஒன்றைத் திறந்து பார்த்தும், ஆசிரியரிடம் கேட்டும் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. மைக் அவ்வதிர்வை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. அம்மின்னழுத்தத்தைச் சீரான கால இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கித் தருவதே சவுண்டு கார்டு எனப்படும் ஒலி அட்டையின் வேலை. நாம் பாட்டுக் கேட்கும்போது அதே அட்டை அவ்வெண்களை மீண்டும் மின்னழுத்தமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்க வேண்டும்? திரைப்படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் சில வேளை பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். நொடிக்கு 24 படங்கள் மட்டுமே எடுப்பதால் நேரும் மயக்கம் அது. ஒலியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அதைத் தவிர்க்க, அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளக்க வேண்டும். நைக்விஸ்ட், ஷானன் என்னும் இரு அறிஞர்களின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். எனவேதான் 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவுகள் பதியப்பட்டன. ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது 65,536 கோடுகள் கொண்ட அளவுகோல்!

இனிப் படத்திற்கு வருவோம். திரை என்பது புள்ளிக்கோலம் போன்றது. 1920 வரிசை, 1080 வரிசை எனப் புள்ளி வைத்தால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண்ணுக்கு ஒரு பைட். ஒரு முழுப் படத்திற்கு 62,20,800 பைட்டுகள். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்க 37 கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகள் வேண்டும். இவற்றை இடைவிடாது அனுப்புவது காட்சி அட்டையின் பணி.

இவ்வளர்ச்சி ஒரே நாளில் வந்ததன்று. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் ஒலிக்கென இருந்தது ஒரு சிறு ஒலிபெருக்கியே. 1987இல் அந்நிறுவனத்தின் வி.ஜி.ஏ. முறை 640 × 480 புள்ளிகளில் 16 வண்ணங்களைக் காட்டியது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை வெளியிட்டது. அன்று தனியே வாங்கிச் செருகிய ஒலி அட்டையின் வேலையை, இன்று பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்துள்ள ஒரு சில்லு செய்துவிடுகிறது.

இதை அறிவதால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். சென்ற ஆண்டு பழைய கணிப்பொறி ஒன்று வாங்க என் தந்தையுடன் கடைக்குச் சென்றேன். “தம்பி, இந்த சவுண்டு கார்டு 192 கிலோ ஹெர்ட்ஸ். இதைத் தனியாப் போட்டாத்தான் பாட்டு நல்லாக் கேட்கும்” என்றார் கடைக்காரர். வாரக் கூலியை எண்ணி வாழும் என் தந்தை என் முகத்தைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவனே. அவர் வேறு யாரைக் கேட்பார்? மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். 192இல் பாதி 96. தொண்ணூற்றாறாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியை வௌவால் கேட்கலாம். நாம் கேட்க முடியாது. “மதர்போர்டுலயே இருக்கிறது போதும் அண்ணே” என்றேன். மிஞ்சிய பணம் அப்பருவத்தின் தேர்வுக் கட்டணமாயிற்று.

பெரிய எண்கள் எப்போதும் வீண் என்பது என் கருத்தன்று. குரலைப் பதிவு செய்வோருக்கு 24 பிட் அட்டை மெத்தப் பயன்படும். ஆனால் ஏரி நிறைந்திருந்தாலும் மதகின் அளவே வாய்க்காலில் நீர் பாயும். 1366 × 768 புள்ளிகளே உள்ள திரையில், எவ்வளவு விலையுயர்ந்த காட்சி அட்டையை இணைத்தாலும் அத்தனை புள்ளிகளே தெரியும். மட்டமான ஒலிபெருக்கியை எந்த ஒலி அட்டையும் திருத்தாது. ஆகவே எதை வாங்கினாலும் மதகு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மலைக்க வேண்டா. அவை மந்திரமல்ல, நம் ஊர்ப் பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலுமே. அடுத்த முறை கடைக்காரர் ஓர் எண்ணைச் சொன்னால், அது எதன் அளவு என்று கேளுங்கள். உடன் நிற்கும் பெற்றோருக்காகவும் கேளுங்கள்.