ஒரே நிரல், வேறு வேறு கணினி: அன்றும் இன்றும்

“என் சிஸ்டத்துல நல்லாத்தானே ஓடுது?” மென்பொருள் எழுதுகிறவர்களில் இதைச் சொல்லாதவர் இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இப்படிச் சொன்னவர், அடுத்த வேலையாக ஃபிளாப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குக் கிளம்பினார். இன்று சொல்பவர் இருக்கையை விட்டு எழுவதில்லை. வாடிக்கையாளரின் கணினியில் நடந்தது பதிவுக் கோப்பாகவும் நினைவகப் படியாகவும் இவர் மேசைக்கே வந்துவிடுகிறது.

அந்தக் காலத்தின் பொறுமையை அறிய 1994ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். வேலையைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டிருந்தார். அவற்றோடு இன்டெல்லின் பென்டியம் கணினி ஒன்றைச் சேர்த்த சில காலத்தில், ஜூன் 13 அன்று, விடைகள் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டார். 1ஐ 824633702441ஆல் வகுத்தால், எட்டு இலக்கங்களுக்கு அப்பால் பென்டியம் தவறான விடை சொன்னது. பழைய 486 சரியாகவே சொன்னது.

பிராசசர் வகுத்தலில் தவறும் என்று யார்தான் முதலில் நினைப்பார்கள்? பிழை தன் நிரலில் இருக்கலாம், மதர்போர்டின் துணைச் சில்லுகளில் இருக்கலாம். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, பென்டியம்தான் காரணம் என்று அவர் உறுதிகொள்ள அக்டோபர் 19 ஆகிவிட்டது. நான்கு மாதங்கள். வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்த அட்டவணையில் 1,066 இடங்கள் நிரம்பியிருக்க வேண்டும். அவற்றில் ஐந்து விடுபட்டிருந்தன. அந்த ஐந்து இடங்களுக்காக இன்டெல் 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத நேர்ந்தது.

நைஸ்லி கண்டது அரிய வகை. அன்றாடம் கண்டவை எளியவை, ஆனால் அதே அளவு நாளைத் தின்றவை. டாஸ் காலத்தில் நிரல்களுக்குக் கிடைத்த அடிப்படை நினைவகம் 640 கேபி. ஓரிடத்தில் நெட்வொர்க் டிரைவர் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டால், அங்கே மட்டும் நிரல் நின்றுவிடும். கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து ஒரு வரியை நீக்குவார்கள், கணினியை நிறுத்தி மறுபடி இயக்குவார்கள், பிறகு அடுத்த வரி. விண்டோஸ் பரவிய பின் டிஎல்எல் தொல்லை வந்தது. வேறு ஏதோ மென்பொருளை நிறுவியபோது, பொதுவான நூலகக் கோப்பின் பழைய பதிப்பு புதியதன் மேல் விழுந்திருக்கும். நேற்று ஓடியது இன்று ஓடாது. யாரும் எதையும் தொடவில்லை என்று அலுவலகத்தில் எல்லாரும் உண்மையாகவே சொல்வார்கள்.

தமிழில் கணினியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வேறுபாடு திரையிலேயே தெரிந்தது. திஸ்கி குறியேற்றத்தில் ‘இ’ என்ற எழுத்துக்கு முதலில் 173ஆம் இடம் தரப்பட்டிருந்தது. மேலைநாட்டுக் குறியேற்றத்தில் அந்த இடம், வரியின் முடிவில் சொல் உடையும்போது மட்டும் தோன்றும் இணைகோட்டுக்கு உரியது. ஆகவே ஒரு கணினியில் ‘இந்தியா’ என்று வந்தது, இன்னொன்றில் ‘ந்தியா’ என்று நின்றது. பின்னர் 1.7 பதிப்பில் ‘இ’யை 254ஆம் இடத்துக்கு மாற்றினார்கள். இன்று யூனிகோடில் அதன் எண் 2951. கைபேசியிலும் மடிக்கணினியிலும் சர்வரிலும் அதே எண். இருபது ஆண்டுகளுக்கு முன்பு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சியவர்களுக்குத்தான் இதன் அருமை முழுமையாகத் தெரியும்.

மதிப்புக் கொடுக்காமல் விட்ட மாறி இன்னொரு பழைய பகை. சி மொழியில் ஃபங்ஷனுக்குள் ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு எழுத மறந்துவிட்டால், நினைவகத்தின் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்தது எதுவோ அதுவே அதன் மதிப்பு. எழுதியவரின் கணினியில் அங்கே பூச்சியம் கிடந்திருக்கும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். வாடிக்கையாளர் கணினியில் வேறு எண். தேடுவதற்காகப் பிரின்ட் வரி ஒன்றைச் சேர்த்தால் நினைவகத்தின் அமைப்பு சற்று நகரும், பிழை ஒளிந்துகொள்ளும். வரியை எடுத்தால் திரும்ப வரும். 2002இல் வால்கிரைண்ட் வந்த பிறகு, நிரலைப் பல மடங்கு மெதுவாக ஓட்டியாவது அந்த வரியைச் சுட்டிக்காட்ட ஒரு கருவி கிடைத்தது. பிற்பாடு வந்த சானிடைசர்கள் கம்பைலரோடு சேர்ந்தே வந்தன. நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ்சானிடைசர், நிரலின் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறது. முன்பு ஒரு வாரம் போன இடத்தில் இன்று ஒரு தேநீர் இடைவேளை போகிறது. இந்த லாபத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

2013 மார்ச்சில் டாக்கர் அறிமுகமானது. நிரலையும் அது நம்பியிருக்கும் நூலகங்களையும் அமைப்புகளையும் ஒரே இமேஜாகக் கட்டி, அதையே எங்கும் ஓட்டலாம் என்றானது. வாடிக்கையாளரின் கணினி எப்படி இருக்கிறது என்று கேட்கும் தேவையே பல இடங்களில் ஒழிந்தது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வந்த பின், ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்பதைப் பத்து முறை பாதி பாதியாகப் பிரித்தே கண்டுபிடிக்க முடிகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் முதல் நாளிலேயே நிரலை ஓட்டிப் பார்க்கிறார். முன்பு கணினியைத் தயார் செய்யவே நாட்கள் போகும்.

ஆனால் நேரில் போனவர்கள் கண்டதும் கொஞ்சம் இருந்தது. பில் போடும் மென்பொருள் ஒரு கடையில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளும் ஓடி, 13ஆம் தேதி நின்றுவிடும். போய்ப் பார்த்தால், விண்டோஸ் அமெரிக்க முறைத் தேதியில் விடப்பட்டிருக்கும்: மாதம் முன்னே, நாள் பின்னே. அதைவிடப் பெரிய சேதி, முதல் பன்னிரண்டு நாள் பில்களும் பெரும்பாலும் தப்பான மாதத்தில் பதிவாகியிருப்பது. ஏப்ரல் 3 மார்ச் 4ஆக உட்கார்ந்திருக்கும். 13ஆம் தேதிப் பிழையை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டியவருக்குப் பட்டது.

இமேஜை ஓட்டும் கன்டெய்னர் வேறுபாட்டை நீக்குவதில்லை, மூடி வைக்கிறது என்பதே என் கணிப்பு. அதற்குள் நூலகங்கள் உண்டு. கெர்னலும் பிராசசரும் வெளியில்தான். 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சில்லோடு மடிக்கணினிகளை வெளியிட்டபோது இது பலருக்கும் உறைத்தது. எழுதுவது ஆர்ம் சில்லில், ஓடுவது இன்டெல் சர்வரில் என்ற நிலை வந்தது. இன்டெல் வகைச் சில்லில் ஒரு கோர் எழுதும் மதிப்புகள் எழுதிய வரிசையிலேயே மற்றவற்றுக்குத் தெரியும். ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. பூட்டு போட மறந்த நிரல் இன்டெல்லில் பத்தாண்டுகள் ஓடும், ஆர்மில் என்றாவது ஒருநாள் தடுமாறும். ஆர்ம் லினக்ஸில் சி மொழியின் கேர் வகைக்குக் குறை எண்ணும் கிடையாது. கோப்பின் முடிவைக் குறிக்கும் -1ஐ அதில் வாங்கினால் 255 ஆகிவிடும். முடிவை -1ஓடு ஒப்பிட்டுத் தேடும் சுற்று முடியவே முடியாது. பாடநூல்கள் எச்சரித்த தவறுதான். எழுதியவர் இன்டெல்லிலேயே இருந்துவிட்டதால் அந்த எச்சரிக்கை அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய கணினிகளில், சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போயின. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. தேடிக்கொண்டே போனால், ஒரு கணினியில் ஒரே ஒரு கோர் 1.1இன் 53ஆம் அடுக்கை முழு எண்ணாக்கும்போது 156 என்பதற்குப் பதில் 0 சொன்னது. கோப்பின் அளவு பூச்சியம் என்று கணக்கானதால் அதை எழுதாமலே விட்டிருந்தது. 52ஆம் அடுக்கைக் கேட்டால் அதே கோர் 142 என்று சரியாகச் சொன்னது. நைஸ்லியின் காலத்தில் அந்த வகைப் பென்டியம் எதை எடுத்தாலும் ஒரே தப்பைச் செய்தது. இப்போது லட்சக்கணக்கான கணினிகளுக்கு நடுவே ஒரு கோர் மட்டும். கருவிகள் எத்தனையோ இருந்தும், ஃபேஸ்புக் பொறியாளர்கள் செய்தது நைஸ்லி செய்ததுதான்: விலக்கக்கூடியதை எல்லாம் விலக்கி, பெரிய நிரலைச் சில பத்து வரி அசெம்ப்ளியாகச் சுருக்கி, மிஞ்சியதைப் பார்த்தார்கள்.

அந்தப் பயிற்சி முன்பு சாதாரண நிரலர் எல்லாருக்கும் வேலையோடு வேலையாகக் கிடைத்தது. இன்று பெரிய நிறுவனங்களின் சில குழுக்களில்தான் அது தங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் இமேஜை அழித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், பிழை போய்விடுகிறது, பிழைப் புகாரின் டிக்கெட்டை மூடுகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை அப்படிப் பிழை மறைந்தால், பழைய இமேஜை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அருகருகே ஓட்டி, எந்த ஒரு மாற்றத்தில் பிழை போகிறது என்று பாருங்கள். கண்ட காரணத்தை டிக்கெட்டில் எழுதிவிட்டு மூடுங்கள்.