நடந்தால் வலி, நின்றால் இல்லை: முதியோரின் கால் ரத்தக்குழாய் அடைப்பை அறிவது எப்படி?

பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் பெரியவர் பாதி வழியில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு நிமிடத்தில் வலி போய்விடுகிறது. மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வலி. "வயசாயிடுச்சு, வாயுப்பிடிப்பு" என்று வீட்டில் தைலம் தேய்த்து விடுவோம். ஆனால் இது காலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

இதயத்தில் கொழுப்பு படிந்து அடைப்பு வருவது போலவே காலிலும் வரும். காலில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுதல். அதனால் இதைக் கால் வலியாக மட்டும் பார்க்கக் கூடாது.

நம் சென்னையிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தி.நகர், திருமங்கலம் ஆகிய இரு இடங்களின் குடியிருப்புகளில் 20 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளியானது. மொத்தத்தில் 3.2 சதவீதம் பேருக்கு அடைப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் அது 6.3 சதவீதம், சர்க்கரை இல்லாதவர்களிடம் 2.7. வயது கூடக் கூட ஆபத்தும் கூடியது.

எல்லா நடை வலியும் ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். தொழுகையில் கவனித்தால் ஓரளவு வேறுபாடு தெரியும். தராவீஹில் நீண்ட நேரம் நிற்கும்போதே கால் கடுத்து, ருகூவில் குனிந்தாலோ உட்கார்ந்தாலோ இதமாக இருந்தால் முதுகுத்தண்டைச் சந்தேகிக்கலாம். நிற்பதில் சிரமமே இல்லை, நடந்தால்தான் வலி, நின்றாலே தணிகிறது என்றால் ரத்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

சிக்கல் என்னவென்றால், பலருக்கு வலியே வருவதில்லை. நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்குப் புண் வந்த பிறகுதான் தெரியவரும். ஒளுச் செய்யும்போது கால் விரல் இடுக்கைக் கழுவுகிறோமே, அந்த நேரத்தில் பாதத்தைப் பார்த்தும் விடலாம்: ஒரு கால் மட்டும் சில்லென்று இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, ஆறாத புண் உண்டா? காலுறை மீது மஸஹு செய்பவர்கள் தினமும் ஒருமுறையாவது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

பாதத்தின் மேற்புறத்தில் நாடித் துடிப்பைத் தொட்டும் பார்ப்பார்கள். ஆனால் ஆரோக்கியமான சிலருக்கும் அங்கே துடிப்பு கிடைக்காது. உறுதியான சோதனை, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுவது. ஊசி கிடையாது, வலி கிடையாது. சிறிது நேரம் படுக்கவைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் பட்டை சுற்றி, சிறிய டாப்ளர் கருவியால் அளப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 112 என்றால் விகிதம் 0.80. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு. 1.40க்கு மேல் போனால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால் அப்படி வரும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அளக்க வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்கள், 50 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் சோதனையை மருத்துவரிடம் கேட்டே பெறலாம். சர்க்கரை நோய்ச் சிறப்பு மருத்துவமனைகளிலும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவிலும் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டால் புகையை விடுவது, மாத்திரை, முறையான நடைப்பயிற்சி என்று பெரும்பாலும் சமாளிக்கலாம். சோதிக்கும் முன் இறுக்கமான காலுறை போடுவதோ, மரத்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் தருவதோ வேண்டாம்.

இரவில் பாத வலியால் தூங்க முடியாமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் இதம் என்றாலோ, விரல் கறுத்தாலோ தாமதிக்காதீர்கள். கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால் அது அவசரம், மணிக்கணக்கில்தான் அவகாசம். அடுத்த நாள் காலை வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.