புறக்காயமின்றி அகத்தே பெருகும் குருதி

உடலின் புறத்தே காயத்திலிருந்து ஒழுகும் குருதியை யாவரும் காண்பர். கண்டவர் உடனே தடுக்கவும் முயல்வர். அடியோ வீழ்ச்சியோ இன்றி வயிற்றறையினுள்ளே தானாகப் பெருகும் குருதியோ எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. அதன் கொடுமைக்கு இதுவே முதற் காரணமாகும்.

கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தல், வயிற்றுப் பெருநாடியின் புடைப்பு உடைதல் என்பன இதற்குரிய அறிந்த காரணங்கள். நோயால் வீங்கிய மண்ணீரல் பிளத்தல், உள்ளுறுப்புகளின் நாடிகள் உடைதல் என்பன அரியவை. 1909ஆம் ஆண்டில் பாபர் என்னும் ஆங்கில வைத்தியர் பிரசவ வேதனையிலிருந்த ஒரு பெண்ணிடம் இத்தகைய பெருக்கைக் கண்டு எழுதினார்.

அரிய காரணங்களுள் மண்ணீரல் நாடியின் புடைப்பு தனித்து நோக்கற்பாலது. இது ஆடவரிலும் பெண்டிரிடத்தே மிகுதி. உடையும் அபாயமோ கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களிற் பெரிது. உடைந்தவற்றுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கில் குருதி முதலில் இரைப்பையின் பின்னுள்ள சிறு பையினுள்ளே தேங்கி, அவ்விடத்து அழுத்தத்தால் தற்காலிகமாக நிற்கின்றது. நோயாளி தேறியவர் போலத் தோன்றுவார். சில மணி நேரத்தின் பின்னோ, ஓரிரு நாளின் பின்னோ அத்தடை தகர, குருதி வயிற்றறையெங்கும் பாயும். முதற் பெருக்குக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட அந்த அவகாசமே உயிரைக் காத்தற்குரிய காலம்.

அதனை உணர்தற்கு அறிகுறிகள் உள. திடீரென எழும் மேல்வயிற்று வலி, மயக்கம், வெளிறிய முகம், விரைந்த நாடித்துடிப்பு என்பன அவை. குருதி பிரிமென்றகட்டை உறுத்துவதால் இடத்தோளிலும் வலி தோன்றலாம். ஈமோகுளோபின் அளவு முதலிற் குறைவதில்லை. செங்கலங்களும் திரவவிழையமும் ஒருங்கே வெளியேறுவதே அதற்குக் காரணம். ஆதலின், முதற் சோதனையின் நல்ல பெறுபேறு ஒன்றைக் கொண்டு ஆறுதலடைதல் தவறாகும். மகப்பேற்று வயதுப் பெண் எவர்க்கும் கர்ப்பச் சோதனை செய்தலும் அவசியம்.

படுக்கையருகே செய்யப்படும் அல்ட்ராசவுண்ட் சோதனை உள்ளே குருதி உண்டென்பதைச் சில நிமிடங்களிற் காட்டும். குருதியமுக்கம் நிலையாக நிற்பின், நாளத்தில் மருந்தூட்டி எடுக்கும் சீ.ரீ. ஸ்கான் உடைந்த நாடியையே காட்டக்கூடும்; அதன்பின் தொடையடி நாடி வழியே நுண்குழாயைச் செலுத்தி அதனை அடைத்துவிடலாம். அமுக்கம் வீழ்ந்து செல்லுமாயின், படத்திற்குக் காத்திராது, குருதியேற்றிக்கொண்டே வயிற்றைத் திறந்து நாடியைக் கட்டுதல் வேண்டும். மண்ணீரலையும் அகற்ற நேரலாம்.

வேறொரு காரணத்திற்காக எடுத்த படத்தில் இப்புடைப்பு காணப்படின், மகப்பேற்று வயதுப் பெண்ணிடத்து அது சிறிதாயினும் முன்னரே சிகிச்சை செய்தல் தகும். வலி தணிந்தது என்பது குருதி நின்றது என்பதற்குச் சான்றாகாது. காரணம் அறியப்படாத மயக்கமும் வயிற்றுவலியும் ஒருங்கே கண்ட நோயாளியை, அவர் தேறினார் என்று வீட்டுக்கு அனுப்புமுன், இவ்வுண்மை நினைக்கப்படல் வேண்டும்.