கண்டாங்கிக் கோடுகளில் ஒரு குவில்ட்

பாட்டியோட கண்டாங்கிச் சேலை ஒண்ணு, கட்டவும் முடியாம தூக்கிப் போடவும் மனசு வராம பீரோவுல கிடக்கா? இந்த எபிசோடு உங்களுக்குத்தான்.

நான் பேசுறது ராமநாதபுரத்துல இருந்து. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. 1985 வரைக்கும் காரைக்குடியும் எங்க ஜில்லாதான், அந்த உரிமையில சொல்றேன்.

கோடு போட்ட துணியில வெட்டுற திசை மாறினா டிசைனே மாறிடும். ஒரே மாதிரி ரெண்டு சதுரம் வெட்டுங்க. நடுக்கோடு சரியா மையத்துல வரணும். ஒவ்வொண்ணையும் மூலைக்கு மூலை ரெண்டு தடவை வெட்டினா மொத்தம் எட்டு முக்கோணம். நீளமான பக்கத்துக்கு இணையா கோடு ஓடுற நாலைச் சேர்த்தா, கோலம் மாதிரி சதுரத்துக்குள்ள சதுரம். மிச்சம் நாலைச் சேர்த்தா கூட்டல் குறி. துணி வீணே ஆகாது.

ஓரத்துக்கு கிராஸ் பீஸா வெட்டுங்க, கோடு சாய்ஞ்சு ஓடும். ஆனா அந்தத் துணி இழுபடும். இஸ்திரி போடும்போது தேய்க்காம அழுத்தி அழுத்தி எடுங்க.

மெஷின் இல்லையா? கர்நாடகாவுல சித்தி இனப் பெண்கள் பழைய சேலைகளை வச்சு, ஓரத்துல ஆரம்பிச்சு நடுவை நோக்கி கையாலேயே தைக்கிறாங்க. பேரு கவந்தி. நமக்கு இன்னும் சுலபம், கோடு மேலேயே ஊசியை ஓட்டலாம்.

வெட்டினது திரும்ப ஒட்டாது. அதனால முதல்ல பழைய கைலியில பழகுங்க. சேலையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, நைஞ்ச இடத்தை ஒதுக்குங்க. முந்தானையை மட்டும் வெட்டாம முழுசா நடுவுல வைங்க. பாத்ததும் பாட்டி சேலைன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியணும்ல!